ராணிக்காக வாங்கிய எஞ்சின்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படாளத்தில் ஒரு பசு மாட்டின் முன்னால் பரீட்சை எழுதினேன்.

நான் மட்டுமில்லை, என் விமானமும்தான்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கேளம்பாக்கத்தில் ஃபிளாட். ஒரே கணவர். ஒரே பைத்தியம் — ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம். 'இந்த வயசுல இதெல்லாமா?' என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கேட்காதவர்களுக்கு மணிக்கணக்கில் சொல்வேன். இந்த வாரம் மாட்டிக்கொண்டது நீங்கள்!

விமானம் இருந்தால் போதுமா? விட இடம் வேண்டாமா? கேளம்பாக்கத்தில் விட்டால் அது யாராவது ஒருவர் வீட்டு பால்கனியில், காயப்போட்ட துணிக்கு நடுவேதான் இறங்கும். கடலோரமாகப் போகலாம் என்றால், கல்பாக்கம் பக்கம் காற்றாடி விட்டாலே கூப்பிட்டு விசாரிப்பார்கள். கடப்பாக்கம் வரைகூடப் போய்ப் பார்த்தோம். இடம் அருமைதான். ஆனால் வெயில் ஏறுவதற்குள் காற்று தள்ள ஆரம்பித்துவிடுகிறது. போதாக்குறைக்கு மணல் முழுக்க வலை காயப் போட்டிருந்தார்கள். வலையில் விமானம் விழுந்தால் அந்த அண்ணன்மார்கள் என்ன சொல்வார்கள் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

அலைந்து திரிந்து கடைசியில் கிடைத்ததுதான் படாளம். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, அறுப்பு முடிந்த வயல்; அந்தப் பக்கத்துப் பேச்சில் கொல்லை. மரமில்லை, மின்கம்பியில்லை, பக்கத்தில் வீடும் ஒன்றே ஒன்றுதான். அது கொல்லைக்குச் சொந்தக்காரரான எஸ்தரின் வீடு.

எஸ்தர், மதுராந்தகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். அவருடைய அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இந்தக் கொல்லை எஸ்தரும் கணவரும் சம்பாதித்து வாங்கியது. அதனால் அதில் யார் கால் வைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு கண் எப்போதும் உண்டு. 'அறுப்புக்கும் அடுத்த உழவுக்கும் நடுவுல விளையாடிக்குங்க, குப்பை போடாதீங்க' என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இரண்டு வருடம் சொர்க்கம். ஞாயிறு விடிந்தால் நாங்கள் ஒரு அரை டஜன் பேர் அங்கே இருப்போம்.

அப்புறம் எஸ்தர் ஒரு மாடு வாங்கினார். பெயர் ராணி.

இப்போது புரிந்திருக்குமே, யார் முன்னால் பரீட்சை எழுதினேன் என்று?

ராணி வந்த சில வாரங்களிலேயே எஸ்தர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பின் மேல் நடந்து வந்தார். நடையிலேயே விஷயம் தெரிந்தது.

"இன்னா மேடம் இது? கறக்கறதுக்குக் குந்தினா போதும், உங்க ஏரோப்ளேனு காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி கத்துது. ராணி பால அடக்கிக்குது. காம்பைத் தொட்டா ஒதைக்குது. பால் சொசைட்டிக்காரன் கேன எடுத்துகினு பூட்டான்னா அந்தப் பால நான் எங்க ஊத்துறது? அப்பால எப்ப குளிச்சு, எப்ப சர்ச்சுக்குப் போறது?"

நியாயமான கேள்விகள்.

"சாயந்தரம் விடறோம், எஸ்தர்..." என்று இழுத்தேன்.

"சாயந்தரமும் கறக்கணுமே, மேடம்?"

பசு இரண்டு வேளை கறக்கும் என்பது கேளம்பாக்கத்தில் பாக்கெட் பால் வாங்குகிறவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

எங்கள் கோஷ்டியில் டேவிட் என்று ஒருவன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் வீடு. கார் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். என்னை அக்கா என்பான். அவன் ரகசியம் பேசினால் பக்கத்து ஊர்வரை கேட்கும். அவன்தான் எஸ்தர் முன்னால் வந்து நின்றான்.

"யக்கா, ஒரு சான்ஸ் குடுங்க. சத்தத்தைக் கொறைச்சிக் காட்டறோம்!"

அவன் 'சத்தத்தைக் கொறைச்சி' என்று சொன்ன சத்தத்தில் வரப்பிலிருந்த கொக்கு எழுந்து பறந்தது.

எஸ்தர் வரப்பிலேயே நின்று நிபந்தனை போட்டார். "செரி. மாத்தி எடுத்துகினு வாங்க. நான் கறக்கச் சொல்லோ விட்டுக் காட்டுங்க. ராணி பால் குடுத்தா இங்கயே விளையாடுங்க. அடக்கிகிச்சின்னா வேற கொல்லைய பாத்துக்குங்க. எம்மேல கோச்சிக்கக் கூடாது."

கோபம் எங்கே வந்தது? பயம்தான் வந்தது. இன்னொரு கொல்லைக்கு எங்கே போவது? செங்கல்பட்டு வட்டாரத்தில் காலியாக ஒரு இடம் இருந்தால் அங்கே முதலில் கொடிக் கயிறு வரும், அப்புறம் பிளாட் போட்ட கல் வரும்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "பேட்டரி மோட்டார் போட்டுக்கயேன். சத்தமே வராது."

நீங்களும் அதைத்தானே கேட்க நினைத்தீர்கள்? புத்திசாலிகள் எல்லோரும் பேட்டரிக்குப் போய்விட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மின்விசிறி பறப்பதைப் பார்க்கவா நான் விடியற்காலையில் எழுந்து அவ்வளவு தூரம் போகிறேன்? எனக்கு எஞ்சின் வேண்டும். அது இருமிக் கிளம்ப வேண்டும், புகை விட வேண்டும், எரிபொருளில் கலக்கும் ஆமணக்கெண்ணெய் கையெல்லாம் வாசம் அடிக்க வேண்டும். இதை நியாயப்படுத்த முடியாது. சிலருக்கு ஃபில்டர் காபி, எனக்கு இது.

அப்போதுதான் ஃபோர் ஸ்ட்ரோக் ஞாபகம் வந்தது.

விஷயம் எளிமையானது. இதுவரை நாங்கள் விட்டதெல்லாம் டூ ஸ்ட்ரோக். அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிக்கும்; சின்ன புரொப்பெல்லரைத் தலைதெறிக்கச் சுற்றும்; அதனால்தான் அந்தக் கொசு ராகம். ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும். குரல் கட்டையாக, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிற பெரிய மனுஷர் போல இருக்கும். தெருவில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் போகும்போது ஒரு 'டுப்... டுப்...' கேட்குமே, அதன் பேரப்பிள்ளை.

ஆனால் சும்மா கிடைத்துவிடுமா? விலை கூட, எடை கூட, வால்வு அது இதென்று உள்ளே சாமான்களும் கூட. டூ ஸ்ட்ரோக் எந்த அளவோ அதே அளவில் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினால் விமானம் தரையை விட்டு எழுந்திருக்கவே யோசிக்கும். ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுக்க வேண்டும். வளரும் பையனுக்குச் சட்டை எடுக்கிற கணக்கு.

செகண்ட் ஹாண்டில் தேடினோம். எங்கள் அபார்ட்மென்டுக்கு இரண்டு தெரு தள்ளியே ஒரு ஐ.டி. தம்பியிடம் இரண்டு எஞ்சின் இருந்தது. நானும் டேவிட்டும் போனோம். ஒன்று ஷோகேஸில், கண்ணாடி போல் மினுமினுவென்று இருந்தது. இன்னொன்று அட்டைப்பெட்டியில், எண்ணெய் கருகி, அடிப்பிடித்த வாணலியின் நிறத்தில்.

எனக்கு ஷோகேஸ் மேல் கண். டேவிட் அதை வாங்கிக் காதோரம் வைத்துக்கொண்டு புரொப்பெல்லர் மாட்டும் தண்டைக் கையால் மெல்லச் சுற்றினான். என் காதிலும் வைத்தான். உள்ளே கரகரவென்று மணல் அரைபட்டது.

"பேரிங் பூட்ச்சிக்கா. உப்புக் காத்து. ஓட்டிட்டு எண்ணெய் உடாம அப்டியே அழகுக்கு வெச்சிக்கீறாரு."

இந்த எஞ்சின் குடிக்கும் மெத்தனால் ஈரத்தை இழுக்கும். பறந்து முடித்ததும் டாங்கைக் காலி செய்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றி வைக்காவிட்டால் கடற்கரைக்காரர்களின் எஞ்சின் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துவிடும். வெளியே பாலிஷ் போட்டு என்ன பிரயோஜனம்? அட்டைப்பெட்டியில் இருந்ததைச் சுற்றினோம். வழவழவென்று சுற்றி, ஒரு இடத்தில் கெட்டியாக எதிர்த்து நின்றது. கம்ப்ரெஷன் அமோகம்; அதையே வாங்கினோம். கறுத்துப்போனது என்றால் நன்றாக உழைத்தது என்று அர்த்தம். பெண் பார்க்கப் போகிறவர்களும் மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்களும் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

அடுத்து, ஓட்டிப் பழக்கும் வேலை. அதை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் செய்தால் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் என் பெயர் நாறிவிடும். டேவிட் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு கனமான பலகையில் எஞ்சினை ஸ்க்ரூ போட்டு இறுக்கினோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே காகிதத்தைவிட மெல்லிய தகட்டைச் செருகி வால்வு இடைவெளியைச் சரிபார்த்தான். புரொப்பெல்லருக்கு ஒரு நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு போட்டு இறுக்கினான். எரிபொருள் குறைந்தால் ஃபோர் ஸ்ட்ரோக்குக்குக் கோபம் வந்து பின்பக்கமாக உதைக்கும். ஒற்றை நட்டு என்றால் புரொப்பெல்லர் கழன்று தனியாக டூர் கிளம்பிவிடும்.

கிளம்பியது பாருங்கள்... ஆகா! டுப்-டுப்-டுப்-டுப்... டேவிட் மனைவி ஷீலா சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "இது எவ்ளோ தேவல, காதே வலிக்கல" என்றாள்.

"இன்னா?" என்று கத்தினான் டேவிட்.

"தேவலைன்னு சொன்னேன்!"

"ஆமா ஷீலா! சூப்பரா கீதில்ல!"

எஞ்சினைவிட அவர்கள் பேசியதுதான் பெரிய சத்தம். அது அப்போது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஏனென்றால் நானும் அதே அளவுக்குக் கத்தித்தான், "காஃபி கிடைக்குமா ஷீலா?" என்று கேட்டேன்.

எரிபொருளைத் தாராளமாகக் கொடுத்து, ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினோம். அப்புறம் எரிபொருள் வரும் வழியிலிருக்கும் ஊசி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும். மூட மூட எஞ்சின் வேகம் ஏறும், சத்தம் இனிக்கும். உச்சத்தைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, ஒன்றிரண்டு கிளிக் திறந்து, இறங்கி வந்துவிட வேண்டும். தரையில் உச்சத்தில் வைத்தால் வானத்தில் பட்டினி கிடந்து நின்றுவிடும். 'காதுக்கு ஆசை அதிகம்க்கா, அத்த நம்பாத' என்பான் டேவிட்.

பரீட்சை நாள் வந்தது.

விடிந்தும் விடியாமலும் எல்லோரும் ஆஜர். எஸ்தர் மாட்டுக் கொட்டகையில் வாளியோடு குந்தினார். கொட்டகைப் பக்கம் டேவிட் பார்வையாளர்; நான் கொல்லையின் மறுகோடியில் ரிமோட்டோடு. விமானம் போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம். கொல்லை போனால்?

எஞ்சின் முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது. ஊசியைத் திருகினேன். நன்றாக இருந்தது. இன்னொரு கிளிக். இன்னும் நன்றாக இருந்தது. எஸ்தர் கேட்கிறாரே, ராணி கேட்கிறதே... இன்னும் ஒரே ஒரு கிளிக்...

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பறக்கவிடுவதற்கு முன், எஞ்சின் ஓடும்போதே ஒருவர் விமானத்தைப் பிடித்து மூக்கு வானத்தைப் பார்க்கும்படி தூக்குவார். அப்போதும் சத்தம் தொய்யாமல் இருந்தால்தான் பறக்கவிடலாம்; தொய்ந்தால் ஊசியைத் திறக்க வேண்டும். அன்றைக்கு அதைச் செய்யவில்லை. பரீட்சை ஹாலில் நுழைந்த பிறகு புத்தகத்தைத் திறக்கக் கூச்சமாக இருக்கும் பாருங்கள், அந்த மாதிரி ஒரு கூச்சம்.

விட்டேன். ஓடி, எழும்பி, கொல்லையைச் சுற்றி வந்தது. இளவெயிலில் மஞ்சள் இறக்கை, கட்டைக் குரல், அடக்கமான ஒரு பெரிய மனுஷத்தனம். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே கலங்கியது.

கொட்டகைப் பக்கமிருந்து டேவிட் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். ராணி அசைபோட்டுக்கொண்டு நின்றது. பால் இறங்கிக்கொண்டிருந்தது!

ஜெயித்துவிட்டோம் என்ற தைரியத்தில் விமானத்தை மேலே ஏற்றினேன். மூக்கு தூக்கியது. சத்தம் தொய்ந்தது. 'டப்' என்று ஒரு உதை. நிசப்தம்.

எஞ்சின் நின்றுபோன விமானத்தை 'டெட்ஸ்டிக்' என்போம். இறக்குகிறவரால் இன்னொரு முறை சுற்றி வர முடியாது என்பதால், எல்லோரும் விலகி வழிவிட வேண்டும். அதற்காக உரக்கக் கத்துவது எங்கள் விதி.

"டெட்ஸ்டிக்!" என்று கத்தினேன்.

"டெட்ஸ்டிக்!" என்று ஒவ்வொருவரும் கத்தினார்கள்.

"டெட்ஸ்டிக்கூ...! யக்கா, லெஃப்ட்ல எறக்கு! லெஃப்ட்ல! யாரும் குறுக்க போவாத!" — இது டேவிட், ராணியின் காதுக்குப் பக்கத்திலிருந்து.

விமானம் சத்தமே இல்லாமல் சறுக்கி வந்து, அறுத்த நெல் தாளில் உரசி, சமர்த்தாக நின்றது. ஒரு கீறல் இல்லை. அந்த அமைதியில்தான் கொட்டகைக்குள் வாளி உருளும் சத்தம் கேட்டது.

ஓடினோம். எஸ்தர் புடவையெல்லாம் பால். வாளி கவிழ்ந்து கிடந்தது. ராணி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்களை முறைத்தது.

முடிந்தது கதை, கொல்லையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று நின்றேன். ஆனால் எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. டேவிட்டைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, அது ஓடச் சொல்லோ ராணி கம்முனு நின்னுகினு இருந்திச்சு. அது நின்னப்புறம்தான ஒதைச்சுது?"

"ஆமாக்கா," என்றான் டேவிட்.

"மெதுவா பேசு!"

"மெதுவாதான் பேசறேன்க்கா!"

ராணி இன்னொரு முறை உதைத்தது.

எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவையைப் பிழிந்துகொண்டே சிரித்தார். "போய் மறுக்கா ஓட்டுங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

இந்த முறை மூக்கைத் தூக்கிப் பார்த்தோம். ஊசியை இரண்டு கிளிக் திறந்தோம். எல்லாமே சைகையில். விமானம் டுப்-டுப் என்று வட்டம் போட்டது. எஸ்தர் ராணியைத் தடவிக்கொடுத்துவிட்டு மறுபடி குந்தினார். வாளியில் 'சர்... சர்...' என்று பால் விழும் சத்தம் கொல்லையின் மறுகோடி வரை கேட்டது. எஞ்சின் ஓடும்போதே கேட்டது, அல்லது கேட்டதாக எனக்குத் தோன்றியது!

கறந்து முடித்து வந்த எஸ்தர் தீர்ப்பு சொன்னார். "அந்தப் பழைய மிஷினு கத்துச்சு. அது கத்துதுன்னு அத்தவிட நீங்க கத்தினீங்க. இப்ப மிஷினு மாறிடுச்சு, நீங்க மாறல. இங்கயே விளையாடிக்குங்கக்கா. ஆனா கேனு போற வரைக்கும் ஒருத்தரும் பேசக் கூடாது."

கவனித்தீர்களா? மேடம் போய் அக்கா வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தினமும் பாக்கறேனே. மிக்ஸி ஓடும்போது 'உப்பு எவ்வளவு'ன்னு கத்த ஆரம்பிப்ப. மிக்ஸி நின்னு அரை மணி நேரம் ஆகியும் அதே குரல்லதான் பேசுவ" என்றார்.

"நானா? எப்போ?" என்று கேட்டேன்.

பக்கத்து ஃபிளாட்டில் கதவு திறந்து மூடியது.

யோசித்துப் பாருங்கள். எத்தனை வீடுகளில், எத்தனை ஆபீஸ்களில் மிக்ஸி எப்போதோ நின்றுபோய், கத்தல் மட்டும் பாக்கி இருக்கிறது! எப்போதோ எதையோ தாண்டிக் கேட்க வேண்டும் என்று குரலை ஏற்றினோம். தாண்ட வேண்டியது போய்விட்டது. குரலை இறக்க மறந்துவிட்டோம். நல்ல எஞ்சினாக, சைலன்ஸராகப் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். எல்லாம் அமைதியான பிறகுதான் தெரிகிறது, மிச்சமிருந்த சத்தம் யாருடையது என்று.

இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அலாதியாக இருக்கின்றன. மற்றவர்களும் ஃபோர் ஸ்ட்ரோக் தேடிக்கொண்டிருக்கிறார்கள்; அதுவரை என் விமானத்தையே மாற்றி மாற்றி விடுகிறோம். டெட்ஸ்டிக் என்றால் சிவப்புத் துண்டை வீசுகிறோம். இறங்கப்போகிறோம் என்றால் பச்சைத் துண்டு. அப்படிப் பேசாமல் நின்ற ஒரு காலையில்தான் அந்தக் கொல்லையில் கௌதாரி இருப்பதே எனக்குத் தெரிந்தது. எஞ்சினின் இருமலை, தும்மலை, பசியை எல்லாம் இப்போது தனித்தனியாகக் கேட்க முடிகிறது. ஊசியை உச்சத்துக்குக் கொண்டுபோகும் ஆசையும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. டேவிட்தான் பாவம், சொல்ல முடியாததையெல்லாம் அடக்கி முகம் சிவந்து நிற்கிறான்.

போன ஞாயிறு, சொசைட்டி வண்டி கேனை ஏற்றிக்கொண்டு போனதும் எஸ்தர் கொட்டகை வாசலிலிருந்து, அந்தக் கொல்லையே அதிரும்படி கத்தினார்.

"யக்கோவ்! பால் ஊத்தியாச்சு! இனிமே கத்திக்குங்க!"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கத்துவதற்கு யாரிடமும் எதுவும் இல்லை.

எஸ்தர் போட்ட அந்தக் கூச்சலுக்குப் பக்கத்திலேயே நின்ற ராணி காதைக்கூட ஆட்டவில்லை... சொந்த வீட்டுச் சத்தம் யாருக்குத்தான் கேட்கிறது?